அம்மாவுக்கு அம்மை வந்த வாரம்

எங்கள் அம்மாவுக்கு ஒரு திங்கள்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு அம்மை வந்தது. மணி எப்படி நினைவிருக்கிறது என்றால், கம்பெனி வேன் அப்போதுதான் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஆறு வீடுகள் ஒட்டி நின்ற ஒரு லைனில் மூன்றாவது வீடு எங்களுடையது.

உண்மையில் வந்தது அம்மை இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்கு ஒரு கண் மங்கியது. பிறகு இடது கால் மரத்துப்போய், நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நாலடி நடந்துவிடுவாள். பெங்களூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய், குணமாகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குச் சொன்னது 'நரம்பு வீக்' என்பது மட்டும்தான். கூடவே அப்பா ஒன்றைச் சொல்லியிருந்தார். மருந்தை விட்டால் அம்மாவின் கால் மறுபடி மரத்துப்போகும். அது போதும் எனக்கு, பயந்து நடுங்க.

இந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. அம்மா ஒரு கம்பெனியில் சாமான்களைத் தரம் பார்க்கும் பிரிவில் காண்ட்ராக்டில் வேலை செய்தாள். நோயின் பெயர் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். பாரூரில் இருந்த தன் அக்காவிடம்கூட அவள் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் சொல்வதும் பாரூர் ஏரிக்கரையில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று என்பது அம்மாவின் கணக்கு.

முதலில் ஊசிதான் போட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடப்பாள். லைனில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு வாசனை வரும் நாளில் எங்கள் வீட்டில் மட்டும் ரசம். அந்த ஊசியைக் குளிர்ச்சியில் வைக்கவே நாங்கள் பிரிட்ஜ் வாங்கினோம். மற்றவர்கள் அதை எங்கள் வசதி என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் முறைத்துக்கொண்டதும் டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற்றினார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. முதல் வாரம் பாதி அளவுதான். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. அப்பா கோழி வாங்கி வந்தார், அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு அன்று வந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. அம்மா மாத்திரை போட்டதும் மளிகைக் கடைக் காலண்டரில் நீலப் பேனாவால் டிக் போடுவது என் வேலை. பள்ளியில் எனக்கு யாரும் எந்தப் பொறுப்பும் கொடுத்ததில்லை, அதனால் இதை நான் கலெக்டர் வேலை மாதிரிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு சாயங்காலமே அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு புனே கிளம்பிவிட்டார், திரும்பி வர ஒரு வாரம் ஆகும். துணைக்குப் பெரியம்மா வந்து இறங்கினாள். மறுநாள் திங்கள்கிழமை, முழு அளவு மாத்திரை தொடங்கும் நாள். முகம் சிவக்கும், எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னார், எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவோ வேன் வருவதற்குள் சமையலை முடிக்க வேண்டும் என்று அரை இட்லியை வாயில் போட்டு, மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அரை மணி நேரம் கழித்து, வேன் படியில் ஒரு காலை வைத்தபோது, முகம், காது, கழுத்து எல்லாம் செக்கச் சிவந்துவிட்டது. கைகளைப் பறட் பறட்டென்று சொறிந்தாள். உள்ளே இருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். போன மாதம்தான் ஐந்தாம் வீட்டுப் பையனுக்கு அம்மை வந்து போயிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கார அக்கா தெலுங்கில் அம்மவாரு என்றாள். ஆறாம் வீட்டுக் கன்னடக்காரர்கள் அம்மா என்றார்கள். பெரியம்மா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்துட்டாடி!" என்றாள். மூன்று மொழிக்காரர்களுக்கும் உடனே புரிந்தது. அம்மாவுக்கு இருந்த நிஜ நோய்க்கு அந்த லைனில் ஒரு மொழியிலும் பேர் கிடையாது.

அம்மா மறுக்காமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். மாத்திரையால் வந்தது என்று சொன்னால், எதற்கு மாத்திரை என்று கேட்பார்களே. மத்தியானத்துக்குள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆத்தா இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வந்தால் போதும், அதற்கு முன்னால் வந்துவிடாதே என்று சூப்பர்வைசர் கெஞ்சாத குறையாகச் சொன்னாராம். சிவப்பு எப்போதோ அடங்கியிருந்தது. முத்து ஒன்றுகூட இல்லையே என்று நான் கேட்டதற்கு, உள்ளுக்குள் போட்டிருக்கிறது என்று வீட்டுக்கார அக்கா விளக்கம் கொடுத்தாள்.

பெரியம்மா வாசலில் வேப்பிலை கட்டினாள். அடுப்பில் எண்ணெய் வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அம்மாவுக்கு ராகிக் கூழ், மோர், இளநீர் மட்டும்தான். அம்மை வந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அது மட்டும் நன்றாக இருந்தது. கடைசியாகப் பெரியம்மா, சத்து மாத்திரை என்று அம்மா சொல்லிவைத்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்தாள். "ஆத்தா எறங்கற வரைக்கும் மாத்திரை கீத்திரைன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லி, அதை அலமாரி உச்சியில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

சாயங்காலம் பெரியம்மா வேப்பிலை பறிக்கப் போன நேரத்தில் அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை இளநீரில் விழுங்கினாள். அரை மணியில் ஆத்தா காலையில் வந்ததைவிடக் கோபமாக வந்தாள். இந்த முறை நெஞ்சு வரை சிவப்பு. பெரியம்மா வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே, "யாரோ தீட்டு பண்ணிருக்காங்க" என்றாள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

எண்ணெயும் நெய்யும் இல்லாத வெறும் கூழில் போட்டதால்தான் மாத்திரை அப்படி எரித்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்? கூழ் குடிக்கக் குடிக்கச் சிவப்பு ஏறியது. சிவப்பு ஏற ஏறப் பெரியம்மா கூழை இன்னும் நீர்க்கக் கரைத்தாள். செவ்வாய்க்கிழமையும் இரண்டு வேளை திருடினேன், இரண்டு வேளையும் ஆத்தா வந்தாள். கொடுத்தால் அம்மன் அம்மாவை எரிக்கிறாள், கொடுக்காவிட்டால் அம்மாவின் கால் மரத்துப்போகும். ஒன்பது வயதில் அதற்கு மேல் ஒரு பிள்ளையால் தாங்க முடியாது. புதன்கிழமை காலையில் மாத்திரையைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, தர மாட்டேன் என்று அழுதுவிட்டேன்.

பெரியம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்லடி. மாத்திரை போட்டா மூஞ்சி செவக்கும்னு டாக்டரே சொல்லிருக்காரு. நீ ஒரு தப்பும் பண்ணல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெரியம்மாவிடம் ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன். சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், கம்பெனி வரை போய்விடும் என்றாள் அம்மா. நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கோணல்மாணலாக ஒரு பெரிய டிக் போட்டேன். அன்று காலை அம்மா சிவந்தபோது பெரியம்மா விசிறினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊமை மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஸ்டூலில் ஏறிக் கையை விட்டால் டப்பாவைக் காணோம். படத்தை நகர்த்திப் பார்த்தேன், கற்பூர டப்பிக்குப் பின்னால் துழாவினேன், எங்கும் இல்லை. பெரியம்மா தூக்கிக் குப்பையில் போட்டிருப்பாள் என்று நினைத்தபோது, அம்மாவின் செருப்பு தனியாக நடுத்தெருவில் கிடப்பது கண்முன்னால் வந்தது. அம்மாவிடம் போய் உதட்டைப் பிதுக்கினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. மூன்று நாளாகச் சிவந்த முகத்தையே பார்த்த எனக்கு அந்த வெளுப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது சமையல்கட்டில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அம்மை வந்த வீட்டில், எண்ணெயில் கடுகு! நான் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். பெரியம்மா நிலக்கடலைச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு முட்டை பொரிந்துகொண்டிருந்தது. வாசனை வெளியே போகாமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி வேறு திணித்து வைத்திருந்தாள்.

சுடுசோற்றில் நெய் ஊற்றி, எல்லாவற்றையும் தட்டில் வைத்து அம்மா முன்னால் கொண்டுவந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவையும் வைத்தாள்.

"மூணு நாளாப் பாக்கறேன். காலையிலயும் சாய்ந்தரமும் கரெக்டா வந்துட்டுப் போறாளே, ஆத்தா என்ன ஷிப்டுக்கா வரா? வெறும் வயித்துல மாத்திரை போட்டா எரியாம என்ன பண்ணும். மொதல்ல தின்னு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சாமி படத்துக்குப் பின்னாடி கைய வுடறதுக்கு முன்னாடி கும்புட்டுட்டு வுட்டியே, அந்த மட்டும் நல்ல புள்ள."

அம்மா சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து மாத்திரை போட்டாள். நாங்கள் மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரை மணி ஆயிற்று, காது மடல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். ஒரு மணி ஆனபோது அதுவும் இல்லை. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், பெரியம்மா அதட்டிக்கொண்டே சிரித்தாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று இருவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தலைக்கு ஊற்றும் நாளுக்கு வேண்டும் என்று என்னை ஷாம்பு வாங்க அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது அம்மா தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இருவர் கண்ணும் கலங்கியிருந்தன. ஜன்னலைச் சாத்தியே தாளித்தால் கண் எரியத்தானே செய்யும் என்று நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

வேப்பிலையை மட்டும் பெரியம்மா எடுக்கவில்லை. அது வாசலில் தொங்கிய வரையில் யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே அம்மா முட்டையும் கடலையுமாகச் சாப்பிட்டு, பல மாதத்துத் தூக்கத்தைத் தூங்கித் தீர்த்தாள். கம்பெனியில் அம்மை லீவுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. பெரியம்மா அந்த நோயைப் பற்றி இன்று வரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பாரூர் ஏரிக்கரை விஷயத்தில் அம்மா போட்ட கணக்கு முழுத் தப்பு.

அம்மாவுக்கு இப்போதும் தினம் இரண்டு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. என்றாவது அவசரத்தில் சரியாகச் சாப்பிடாமல் போட்டுவிட்டு முகம் சிவந்தால், ஆத்தா ஷிப்டுக்கு வந்துவிட்டாள் என்று வீட்டில் கேலி நடக்கும். அதே கம்பெனிக்கு அதே வேனில் போகிறாள், செருப்பு கழன்றால் உடனே தெரிகிறது.

அந்த அம்மை வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் நாள் என்று, பெரியம்மா அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தாள். அப்பா புனேயிலிருந்து வந்து, வாசல் வேப்பிலையைப் பார்த்து அரண்டுபோய், விஷயம் தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லைனில் எல்லோரும் பார்க்க, அம்மாவை நடுமுற்றத்தில் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டுக்கார அக்காவும் ஒரு சொம்பு ஊற்றினாள். பெரியம்மா ஒவ்வொரு சொம்புக்கும் "எறங்கிடு தாயீ, எறங்கிடு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஊருக்காகத்தான் இதெல்லாம் என்று என்னிடம் கண்ணடித்திருந்தவள், இப்போது எதற்கு இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது. ஐந்தாம் வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் முடிந்தது. நான் உள்ளே போய், காலண்டரில் அன்றைய காலை டிக்கைப் போட்டேன். பிறகு நீலப் பேனாவை மூடி, இனி வேலை இல்லை என்று, பத்திரமாக என் பென்சில் டப்பாவில் வைத்துவிட்டேன்.