கட்டிலுக்கு ஊற்றிய வெந்நீர்

சில வாரங்களாக, நானும் என் நாயும் வாழும் எர்ணாவூர் வீட்டில் பழைய மரக்கட்டிலின் இடுக்குகளில் வெந்நீர் ஊற்றிவருகிறேன். நனைந்த மரத்தின் வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம், நான் சிறுமியாக இருந்த புளியந்தோப்பு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அங்கே கட்டில் முழுக்க மூட்டைப்பூச்சி. என் கையெல்லாம் தடிப்பு. அப்பா மருந்தடிக்கும் பம்ப்பை இரவல் வாங்கிவந்தார். ஆனால் கட்டிலுக்கடியில் எங்கள் பூனை குட்டி போட்டிருந்தது.

"மருந்து பட்ட தரைய நக்கினா குட்டிங்க செத்துப்பூடும்," என்று அம்மா வாசலை மறித்தாள்.

"அப்போ பூச்சிய இன்னா பண்றது? கொஞ்சிகினு கெடக்கறதா?"

"கட்டில ஒரு கை புடிய்யா, சொல்றேன்."

இருவரும் கட்டிலை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனார்கள். அம்மா கொதிக்கக் கொதிக்க நீரை ஒவ்வொரு இடுக்கிலும் ஊற்றினாள். பூச்சிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. போர்வைகளையும் வெந்நீரில் முக்கி உச்சிவெயிலில் போட்டாள். வாராவாரம் விடாமல் செய்தாள்.

ஒரு காலையில் என் கையில் புதுத் தடிப்பு ஒன்றுகூட இல்லை. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பம்ப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"குடுத்துட்டு, பூனைக்கு மீன் வாங்கியாறேன்."

அம்மா சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

இன்று என் கட்டிலில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பூச்சி அகப்படவில்லை. மரம் காய்ந்ததும் என் நாய்தான் முதலில் ஏறிப் படுத்தது.