பிள்ளைக்காம்பராவில் தையல் வகுப்பு

பதினைந்து வயதில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதில் பாதியைப் பலகையால் மறித்து, ‘மாற்றுக் கல்வி நிலையம்’ என்று எழுதி மாட்டியிருந்தார்கள். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் தேறமாட்டார்கள் என்று பள்ளிக்கூட அதிபர் கழித்துக்கட்டிய எங்கள் ஏழு பேருக்கும் அங்கே தையல். அவருடைய பள்ளிக்கூடத்தின் பரீட்சைப் பெறுபேறு அழகாக இருக்க வேண்டுமாம்.

பதினாறு வயது வரை பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது அந்த மனிதருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

திறப்பு விழாவில், மாலை போட்ட கல்வி அதிகாரி, “கல்வி எல்லோருக்கும் உரிமை” என்று முழங்கினார். வேலைக்கு நடுவே மலையிலிருந்து இறங்கி வந்திருந்த அம்மா எழுந்து நின்றாள்.

“நடக்கத் தெரியாத வயசுல இவள இங்கதாங்க விட்டுட்டுப் போனேன். நடந்து பள்ளிக்கூடம் போன புள்ளைய எதுக்குங்க திரும்ப இங்க கொண்டாந்து விட்டீங்க?”

அதிகாரி அதிபரைப் பார்த்துச் சிரித்தார். “அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க.”

அம்மா அதைத் தொடவில்லை. அதிபர் அங்கே வடை தின்றுகொண்டிருக்கும்போதே என்னைக் கூட்டிப் போய், அவருடைய பள்ளிக்கூடத்தில் என் பழைய வாங்கில் உட்காரவைத்துவிட்டுத்தான் மலைக்குத் திரும்பினாள்.