இரண்டு மடங்கு வேகத்தில் என் குரல்

போன வருடம் கட்டாரிலிருந்து லீவில் காத்தான்குடிக்கு வந்திருந்தேன். நான்காம் நாள் பின்னேரம் பள்ளியில் அசர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், அறைக்குள் யாரோ மூச்சு விடாமல் கடகடவென்று கதைப்பது கேட்டது. ஆண் குரல். எட்டிப் பார்த்தால், என் மூத்த மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருக்கிறாள். கதைத்தது நான்தான்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. மனம் ஓரிடத்தில் நிற்காது. மட்டக்களப்பில் கிளினிக்கில் காட்டியபோது, அது குறும்பு இல்லை, கவனக் குறைபாடு என்றார்கள். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு வரிக்கு மேல் போகமாட்டாள். அதனால் நான் அவளுடைய வரலாற்றுப் பாடங்களை வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். கட்டாரில் எனக்கு ஏழு பேர் தங்கும் அறை. சத்தம் விழக்கூடாதென்று போர்வைக்குள் தலையை விட்டு, வியர்க்க வியர்க்க, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். அதை இவள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறாள். எப்படியாவது முடிந்தால் போதும் என்று தள்ளிவிடுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

“வாப்பாட குரலக் கேக்க உனக்கு அவ்வளவு அவசரமா?” என்று போனைப் பறித்தேன்.

“அவள விடுங்க, அவள் அப்பிடித்தான் படிக்கிற” என்றாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளைக் கதிரையில் இருத்தினேன். காலை ஆட்டக்கூடாது என்றேன். அதே பாடத்தைச் சாதாரண வேகத்தில் போட்டேன். அவள் கண் ஜன்னலுக்குப் போனது, மின்விசிறிக்குப் போனது. முடிந்ததும் கேள்வி கேட்டேன். முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதைக் கேட்கும்போது என் கை ஓங்கியிருந்தது. அடிக்கவில்லை. ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

செருப்பும் இல்லாமல் ஓடினாள். எங்கள் ஒழுங்கை நேரே பிரதான வீதியில் போய் ஏறும். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். பிரேக் சத்தம் கேட்டது. வீதிக்குப் போய்ச் சேரும்வரை நான் ஓதாத துஆ இல்லை.

ஆரையம்பதிப் பக்கமிருந்து மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று குறுக்கே நின்றது. சக்கரத்துக்கும் மகளுக்கும் இடையில் ஒரு சாண். விழுந்ததில் முழங்கால் உரசி இரத்தம் வந்துகொண்டிருந்தது. சாரதி அவளுக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்னத்துக்கு அண்ணன் புள்ள இப்பிடிப் பயந்து ஓடி வருகுது?” என்று மட்டும் கேட்டார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் மனைவி காயத்துக்கு மருந்து போடும்போது, என் முகத்தைப் பார்க்காமல் மகள் சொன்னாள். “நீங்க நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லக்குள்ள, ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் நடுவில நான் வேற எங்கயோ போயிடுறன் வாப்பா. வேகமா ஓடினா போக நேரமில்ல.”

ஊருக்கு வர விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் நான் பதிந்து அனுப்பிய பாடம் ஒன்றை அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்து, “உன்ட மாதிரியே போடு மகள்” என்றேன். நொண்டி நொண்டி நடந்துகொண்டே கேட்டாள். எனக்கு என் சொற்களே பாதி பிடிபடவில்லை. முடிந்ததும் கேள்வி கேட்கப் பயமாக இருந்தது. இதற்கும் பதில் வராவிட்டால்?

நான் கேட்கும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள். எந்த அரசன், எந்தக் குளம், யாருக்குப் பின் யார், எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், “நடுவில மூணு தரம் இருமினீங்க. காய்ச்சலா வாப்பா அண்டைக்கு?” என்றாள்.

காய்ச்சல்தான். வீட்டில் யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

திரும்பிப் போன பிறகும் பாடம் அனுப்புகிறேன், இப்போது எங்கும் நிறுத்தாமல். சில பிள்ளைகளுக்கு மெதுவாகப் போட்டால்தான் விளங்குமாம், இவளுக்கு வேகமாக. அதை எனக்குச் சொல்லித்தர அவள் தயாராகத்தான் இருந்திருக்கிறாள். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று அன்று விசாரிக்க அரை நிமிடம் போதுமாயிருந்தது. அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காமல் என் பிள்ளையையே இழக்கப் பார்த்தேன் என்பது, யார் மீதாவது கோபம் வரும்போதெல்லாம் என்னை இன்னமும் தடுத்து நிறுத்துகிறது.