அண்ணி சொன்னதை நான் எழுதவில்லை

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், மாசி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கொச்சி ராஜ்யம் முடிந்து கோயமுத்தூர் ஜில்லா தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. சோளமும் கடலையும் விளைகிற காடு. எனக்கு அப்போது பதினேழு வயது. சித்தூரில் தங்கி ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒருவருக்கும் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது பெருமை அதிகம். அந்தப் பெருமையில் நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியாள் ஒருவரிடமும் இதுவரை சொன்னதில்லை.

என் அண்ணன் பட்டாளத்திலிருந்து ரஜாவில், அதாவது விடுமுறையில், வந்திருந்தார். கிணறு வற்றிப்போன வருஷம், பொள்ளாச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், கப்பலேறி பஸ்ரா வரைக்கும் போய், மூன்றாம் வருஷம்தான் திரும்பினார். அவர் போகும்போது அண்ணிக்கு ஐந்தாம் மாதம். திரும்பி வரும்போது மகளுக்கு இரண்டரை வயது. அவரைக் கண்டதும் குழந்தை கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது. அண்ணன் வந்ததற்காக நானும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

ரஜா இரண்டு மாதம். அது முடிவதற்குள், பட்டாளத்திலேயே இருக்கிறாரா, பெயரை வெட்டிக்கொண்டு வீட்டோடு நின்றுவிடுகிறாரா என்று பட்டாளத்து டிப்போவுக்கு எழுதிப்போட வேண்டும். நின்றுவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வந்த முதல் வாரம் அவர் வீட்டை அனுபவித்ததைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

பூட்ஸைக் கழற்றிப் பரண்மேல் வீசினார். விடிந்ததும் கிணற்றுமேட்டுக்குப் போய், ஆளை விலகச் சொல்லிவிட்டுக் தண்ணீர் இறைக்கிற கவலை மாடுகளைத் தானே ஓட்டுவார். தோல் சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும் ஒவ்வொரு தடவையும், முதல் தடவை பார்க்கிறவர்போலச் சிரிப்பார். களியும் கீரைக் கடைசலும் போட்டால் தட்டை வழித்துவிட்டு விரலையும் விடமாட்டார். மத்தியானம் வேப்பமரத்தடியில் வெறும் மண்ணில் துண்டை விரித்துப் படுப்பார். எதைக் கண்டாலும் கேள்விதான். இந்தப் பந்தல் எப்பப் போட்டது, இந்தப் பானை புதுசா, இந்த எருமையை எங்கே பிடித்தது?

அம்மா சொன்னாள்: "ஏஞ் சாமி, நீ ஊட்டுக்கு வந்திருக்கறயா, ஊட்டை வெலை பேச வந்திருக்கறயா?"

வந்த அன்று சாயங்காலமே அவர் என் தோளைத் தட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தம்பியோட காயிதம் வந்துதுன்னா எங்க ஹவில்தாரு எந்திரிச்சு நின்னுதான் படிப்பாரு. கூடாரமே கைதட்டும். உன்ற தம்பி கலெக்டராத்தான் போவான்னு சொல்லுவாரு போ." எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைகளில் நான் சித்தூரிலிருந்து நடந்து வீடு வருவேன். அண்ணி வேலையை எல்லாம் முடித்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நான் காகிதமும் மைக்கூடும் எடுக்கக் காத்திருப்பார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவர் சொன்னதெல்லாம் வீட்டுச் சேதிதான். செவலை மாடு சினையாக இருக்கிறது. குழந்தைக்குக் கீழ்வரிசையில் பல் முளைத்திருக்கிறது. உங்கள் பழைய வேட்டியில்தான் தூளி கட்டியிருக்கிறேன், வேறு துணியில் போட்டால் தூங்கமாட்டேன் என்கிறது. இப்படி.

அண்ணன் முதல் கடிதத்திலேயே, இங்கே ஹவில்தார்தான் எல்லோருக்கும் முன்னால் படித்துச் சொல்வார் என்று எழுதச் செய்திருந்தார். அது என் மனதில் பதிந்துவிட்டது. நூறு பேர் கேட்கும் இடத்தில் மாட்டுச் சினையையும் குழந்தைப் பல்லையும் எழுதுவதா? பள்ளிக்கூடத்தில் கடிதம் என்றால் எப்படி எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால், "இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைக் கோருகிறோம்" என்று தொடங்குவேன். பிறகு பக்கம் பக்கமாக வீரம், கடமை, சக்கரவர்த்தியின் வெற்றிக்கொடி என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளை எல்லாம் அடுக்குவேன். கடைசியில் "குழந்தை சௌக்கியம்" என்று முடிப்பேன்.

இதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். எழுதி முடித்ததும் அண்ணி, "எங்கீங் தம்பி, ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்பார். நான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத மாட்டையும் பல்லையும் தூளியையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே ஞாபகத்திலிருந்து படிப்பேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். கண்ணைக்கூட உயர்த்தாமல் படிப்பேன். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது.

அண்ணனிடமிருந்து வந்த கடிதங்களில், "வீட்டு விவரம் எழுதவும்" என்று மூன்று நான்கு தடவை இருந்தது. அதைப் படித்துச் சொன்னால் அண்ணி யோசிப்பார். "இதுக்கு மேல என்னத்தைங் சொல்லறது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த தடவை இன்னும் நுணுக்கமாகச் சொல்வார். பிறகு அண்ணன் அதைக் கேட்பதையே விட்டுவிட்டார். அது எனக்குச் சௌகரியமாகத்தான் பட்டது.

அண்ணன் வந்து பத்து நாள் இருக்கும். காலையில் மாடு கட்டும் கட்டுத்தரையில் ஒரு கிடாரிக் கன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"இதை எந்தச் சந்தையில புடிச்சீங்க?"

அண்ணி சாணி அள்ளிக்கொண்டிருந்தார். "சந்தையிலயா? ஏனுங்க, நம்ம செவலை போட்டதுதானுங்க இது. காயிதத்துல எழுதியிருந்தனே."

"எந்தக் காயிதத்துல?"

"ஐப்பசி மாசத்துல போட்டதுல. நெத்தியில சுட்டி இருக்குது, உங்களாட்டவே முட்டவும் செய்யுதுன்னு எழுதச் சொன்னேன்."

அண்ணன் சிரித்தார். "முட்டறது நானா? அப்படி ஒரு காயிதம் எனக்கு வரவே இல்லியே அம்மிணி. வந்த காயிதம் பூராவும் என்ற பொட்டியிலதான் இருக்குது."

அண்ணி நிமிர்ந்தார். "அப்ப பாப்பாளுக்குப் பல்லு மொளச்சது? உங்க வேட்டியில தூளி கட்டுனது?"

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"தம்பியைக் கேளுங்க. அவருதான எழுதுனாரு" என்றார் அண்ணி.

அண்ணன் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வியர்வை பட்டு மை கலங்கிய கடிதங்கள். மடிப்பெல்லாம் கிழிகிற மாதிரி இருந்தன. "இதுல கன்னு எங்க இருக்குதுன்னு பாருடா" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா அம்மிக்கல்லை விட்டு எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஆள்காரர்கூட நின்றார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என் கையெழுத்து, என் வெற்றிக்கொடி, என் "குழந்தை சௌக்கியம்". கடைசிக் கடிதம் வரை பார்த்துவிட்டுச் சொன்னேன்: "இதுல இல்லீங்ணா."

அது பொய்யில்லை. அதுதான் அதிலுள்ள கேவலம்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீங்க எனக்குப் படிச்சுக் காட்டுனீங்களே தம்பி?"

"எனக்கு நெனப்பில்லீங்க அண்ணி. சொல்லோணும்னு நெனச்சு நீங்களே மறந்திருப்பீங்க."

வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் பேச்சுக்கு மேல் பேச்சு ஏது? அண்ணி சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாதான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே சொன்னாள்: "புருசன் சீமையில கெடந்தப்ப ஒரு சேதி சொல்ல வாய் வரல. இப்ப வந்து சொன்னேன்னா ஆச்சா?"

அன்றிலிருந்து அண்ணன் எதையும் எப்போது என்று கேட்பதில்லை. கவலை ஓட்டினார், சிரிப்பில்லை. களியைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். அண்ணியிடம் நல்ல மாதிரியாகவே பேசினார். விருந்துக்கு வந்த இடத்தில் பேசுகிறவர்போல. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு அடுத்த சனிக்கிழமை வந்தபோதும் அப்படியேதான் இருந்தது. அண்ணி எனக்குச் சோறு போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் மரியாதை போய்விடுமே என்றுதான் பயந்தேனே தவிர, அவருடைய மரியாதை ஏற்கெனவே போய்விட்டதை நினைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். காகிதத்தை எடுத்துவரச் சொன்னார்.

"டிப்போவுக்கு எழுது. ரஜா முடிஞ்சதும் வந்தர்றேன்னு."

"ஏனுங்ணா? இருந்துக்குவீங்கன்னு நெனச்சனே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க கூடாரத்துல தாராபுரத்துக்காரன் ஒருத்தன். அவனுக்கு ஊட்டுக்காரிகிட்ட இருந்து காயிதம் வரும் பாரு. ஆடு ரெண்டு குட்டி போட்டுது, ஒண்ணு நொண்டுது, மாமியா எம்மேல கரண்டியை வீசுனா. இப்படியேதான் முச்சூடும். எல்லாரும் சிரிப்பாங்க. நான் மட்டும் அவம் பக்கத்துல போயி குத்த வெச்சுக்குவேன். அந்த நொண்டிக் குட்டி என்னாச்சோன்னு அடுத்த காயிதம் வர்ற வரைக்கும் எனக்கு வெசனமா இருக்கும்டா. நம்முளுது வந்தா எல்லாரும் கைதட்டுவாங்க. தட்டி முடிஞ்சு பாத்தா, அதுல நம்ம ஊடு இருக்காது."

"அண்ணா..."

"அவ மேல தப்பில்ல. கட்டி ஒரு வருசத்துல உட்டுட்டுப் போனவந்தான நானு. நெனப்பு எங்கிருந்து வரும்? ஆனா நெனப்பில்லாத ஊட்டுல ஒக்காந்துட்டு நான் என்ன பண்ணறது? நீ எழுது."

ஒரு வரி எழுதினேன். பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டேன்.

"அண்ணி சொன்னாங்கணா" என்றேன். "எல்லாமே சொன்னாங்க. கன்னு, பல்லு, தூளி எல்லாம். நாந்தான் எழுதுலீங்."

"ஏன்?"

"எல்லாருக்கும் முன்னால படிப்பாங்கன்னு சொன்னீங்களே. பட்டிக்காடுன்னு சிரிப்பாங்கன்னு..."

அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வாய்க்கால் வரைக்கும் போனார். திரும்பி வந்து என் முன்னால் குந்தினார்.

"அவ சொன்னது உனக்கு நெனப்பிருக்குதா?"

"இருக்குதுங்."

"சொல்லு."

முதல் கடிதத்திலிருந்து சொன்னேன். பொய்யாகப் படித்துக் காட்டுவதற்காக மனதில் ஏற்றிவைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. அவர் குறுக்கே பேசவே இல்லை. குழந்தை முதன்முதலில் எழுந்து நின்றது உரலைப் பிடித்துக்கொண்டுதான் என்றபோது மட்டும், திரும்பி வாசலில் கிடந்த உரலைப் பார்த்தார். வெயில் இறங்கும்வரை சொன்னேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் பின்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். அண்ணி கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் எதிரில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை அள்ளி உடைக்க ஆரம்பித்தார். "அம்மிணி, நீ சொன்னதெல்லாம் இப்பத்தான் எனக்கு வந்து சேந்துச்சு" என்றார்.

அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "நாஞ் சொன்னதுல என்னங் தம்பி தப்பு இருந்துச்சு?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்பவில்லை. பெயரை வெட்டச் சொல்லி டிப்போவுக்கு எழுதிய கடிதத்தையும் நான்தான் எழுதினேன். ஆனால் அண்ணன் அதைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போய், அங்கிருந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் தபாலில் சேர்த்தார். அதை அவர் என்னிடம் மறைக்கவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அண்ணியின் தாயார் காய்ச்சலில் கிடக்கிறார் என்று சேதி வந்தது. பதில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங் தம்பி, நானே ஒரு எட்டுப் போயி சொல்லிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, தாய்வீடு இருக்கிற வேலந்தாவளத்துக்கு வெயிலில் நடந்தே போய் வந்தார்.

இப்போது நான் படித்து முடித்து வேலையில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் கடிதம் எழுதச் சொல்லி யாராவது வருகிறார்கள். அவர்கள் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். ஆனாலும் எழுதியதைப் படித்துக் காட்டும்போது, எதிரில் இருப்பவர் என் வாயையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நம்பித் தலையாட்டுகிறாரே, அந்த நேரத்தில் உடம்பு கூசிப்போகிறது. என் படிப்பு என் கையில் ஒப்படைத்தது இன்னொருவருடைய வாயை என்பது அப்போதுதான் ஒவ்வொரு தடவையும் புரிகிறது.