ஊமையாக நின்ற பஸர்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு, டோல்கேட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. துறைமுகக் கிரேன்களில் மாட்டும் எடைப் பெட்டி செய்தோம். பளு அளவு மீறினால் பஸர் அலறும். பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலும் எங்கள் ஆட்கள் எழுதியதுதான். எழுதியதை மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல்; அதைப் போட்டுப் பார்ப்பது என் வேலை.

பல ஃபைல்களுக்குப் பொதுவான விவரங்களை வைக்கும் இடம் ஹெடர் ஃபைல். எங்கள் கர்னலில் ஒரு ஹெடர் இன்னொன்றை இழுக்கும், அது வேறொன்றை இழுக்கும். ஒரு வரி மாற்றினாலும் மொத்தமும் மறுபடி கம்பைல் ஆகும். டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. எஞ்சினியர் கலையரசி மேடம் இதை ஒழுங்குபடுத்தலாம் என்றார்.

முதலாளிக்கு மனமில்லை. "ஓடிக்கினு கீறத எதுக்கும்மா நோண்டுற? எதுனா புட்டுக்கிச்சுன்னா பழசையே போட்டுடுவேன், சொல்ட்டேன்."

தேவையில்லாத ஹெடர்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். எரர் வந்தால் திரும்பச் சேர்த்தோம், வராவிட்டால் விட்டுவிட்டோம். கம்பைல் நேரம் நன்றாகக் குறைந்தது. மேடம் முகத்தில் சிரிப்பு.

ஷெட்டில் சோதித்துப் பார்க்க, கிரேன் ஓட்டும் ராயபுரம் அந்தோணி அண்ணன் வந்தார். அதிகப் பளுவைத் தூக்கினார். திரையில் எடை சரியாக ஏறியது. பஸர் அடிக்கவில்லை.

"இன்னா மேடம், ஊமையா கீது? கீய ஆளுங்க நிக்கிறானுங்க. சவுண்டு வந்தாத்தான ஓடுவானுங்க?"

முதலாளி மேடத்தைப் பார்த்தார். "சாங்காலம் வரைக்கும் டைம். இல்லாங்காட்டி பழசுதான்."

மாடிக்கு ஓடி வந்து பஸர் ஃபைலைத் திறந்தோம். பெட்டியில் என்னென்ன வசதி உண்டு என்று பட்டியலிடும் கான்ஃபிக் ஹெடரில் 'பஸர் உண்டு' என்று குறித்திருந்தால் மட்டுமே அலறும் பகுதி சேரும். அந்த ஹெடரைத்தான் எடுத்திருந்தோம். குறிப்பு இல்லை என்றதும் கம்பைலர் அந்தப் பகுதியை விட்டுவிட்டது. அதன் கணக்கில் அது தப்பே இல்லை, அதனால் எரரும் இல்லை.

மேடம் ஹெடரைத் திரும்பச் சேர்த்தார். "நாளைக்கு வேற யாராவது எடுத்துட்டா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, கான்ஃபிக் ஹெடர் இல்லாவிட்டால் கம்பைல் எரரோடு நிற்கும்படி ஒரு வரியும் எழுதினார். நான் கம்பைல் ஆகி வந்த பழைய ஃபைல்களின் அளவையும் புதியவற்றின் அளவையும் ஒப்பிட்டேன். காரணமில்லாமல் இளைத்திருந்த இன்னொரு ஃபைலும் அகப்பட்டது; அதிலும் இதே கோளாறு, அதையும் சரிசெய்தோம்.

சாயங்காலம் பஸர் அலறியது. அந்தோணி அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். "ஆங்! இப்பதாம்மா உசுரு வந்துச்சு!"

"சரி, புச்சே இருக்கட்டும்" என்றார் முதலாளி.

எரர் வராததைச் 'சரி' என்று அதற்குப் பிறகு நான் எடுத்துக்கொண்டதில்லை. வாய் திறக்காத ஆள் என்று என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். மனிதனுக்கு அது பொருந்தலாம். கர்னலில் ஒன்று காணாமல் போனால் அது கத்த வேண்டும். கீழே ஆள் நிற்கிறார்.