லேசர் அறையில் தூக்கிய கை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லேசர் அறை திறந்த அன்று என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சட்டையை மாட்டிவிட்டது நான். அவருடைய வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது.

கொழுந்து வெட்டும் மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சரிவில் நடக்க வேண்டும். ஒரு மழை நாளில் எதிர்ப்பக்கத்து ஆள் வழுக்கி விழ, மொத்தப் பாரத்தையும் இவர் ஒரே கையில் இழுத்துப் பிடித்தார். தோள் சதை கிழிந்தது. மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கும் பெண் லேசர் வைத்தாள். சூடு தெரியாத மெல்லிய வெளிச்சம். கிழிந்த சதை கூடுவதற்கு ஓரளவு உதவும், மந்திரமெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

"கைக்கு ரெஸ்ட் குடுக்கணும் அக்கா. பாரம் தூக்குனா மறுபடி கிழிஞ்சிடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் பழைய கை வராது."

இவர் வேகமாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்தச் செய்தியில் லேசர் மட்டும் துரையின் காதுக்குப் போனது. ரெஸ்ட் போகவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் சின்ன வயது மேனேஜர் அவர். நம் ஆள், தமிழில்தான் பேசுவார். அதனால் எங்களுக்கு ஒரு நன்மையும் கிடையாது. ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் வேலை கெடுகிறதாம். அப்படி ஒரு கருவியை வாங்கித் தோட்டத்து மருந்து அறையிலேயே வைத்துவிட்டார். அந்த அறைக் கூரை ஒழுகுவதை நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். திறப்பு விழா ரிப்பன் நனையக்கூடாதென்று உடனே தார்ப்பாய் வந்தது.

விழாவுக்கு முன்பே, மருந்து அறையில் கட்டுப் போட்டு மாத்திரை கொடுக்கும் டிரெசர் இவருக்கு லேசர் காட்டத் தொடங்கியிருந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். இவர் குளிருக்குப் போட்டிருந்த சுவெட்டரைக்கூடக் கழற்றச் சொல்லாமல், அதன் மேலேயே காட்டிக்கொண்டிருந்தார்.

"தோல்ல படணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே," என்றேன்.

"வெளிச்சம்தானே, உள்ள போவும் லா," என்றார். தன் கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடியை மறக்காமல் மாட்டியிருந்தார்.

விழாவுக்குக் கம்பெனிப் பெரியவர்கள் வந்தார்கள். துரை இவரை முன்னால் நிறுத்தி, நல்ல தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இப்ப வலி இருக்கா?"

"இல்லீங்க துரை."

காலையில் சட்டை மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அதே மனிதர்.

"எங்க, கையைத் தூக்கிக் காட்டுங்கண்ணே."

வேண்டாம் என்று பின்னாலிருந்து நான் தலையசைத்தேன். பார்த்தார். பார்த்துவிட்டும் தூக்கினார். தலைக்கு மேலே, நேராக, முகம் வெளுத்துப்போய், சிரித்துக்கொண்டே. எல்லாரும் கைதட்டிப் படம் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஏங்க அப்படிப் பொய் சொன்னீங்க?"

"அத்தனை பேரு முன்னாடி துரை கேக்குறாரு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. இவர்கள் முதுகு மட்டும் இன்னும் நிமிரவில்லை. துரையைவிட இவர் மேல்தான் எனக்கு அன்று அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை, ஆள் பிரிக்கும் பெரட்டில், இவரை மறுபடி மிஷினுக்குப் போட்டார்கள். குணமான ஆளுக்கு எதற்கு ரெஸ்ட்? அந்த வாரமே தோள் கிழிந்தது, இந்த முறை முழுசாக. பிசியோ பெண் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதினாள். திட்டியிருக்கலாம்.

இப்போது தேயிலை பார்க்க வரும் கார்களுக்கு இவர் தோட்டத்துக் கேட்டைத் தூக்கிவிடுகிறார், இடது கையால். அந்தப் படத்தைப் பெரிதாக்கி லேசர் அறையில் மாட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது, "படத்தைப் பாத்தியா? கை நல்லா நேரா இருக்குல்ல," என்றார்.

நான் சுவெட்டர் கையை அவர் தோளுக்கு ஏற்றினேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான்.

"வலிக்குது லா," என்றார்.

என்னிடம் மட்டும் சொல்ல வருகிறது.