கீழே யாரும் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளனாக இருந்தேன். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மேலே போவேன். மரம் ஏறத் தெரியாது. ஏணியில்கூட நாலு படிக்கு மேல் போனதில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் மரம் ஏறுகிறவர்களின் பாதுகாப்பு பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு முதலாளி அனுப்பினார்.

ஒரு ஹெல்மெட், இடுப்பு பெல்ட், ஒரு கட்டு படிவங்களோடு திரும்பினேன். என்னென்ன ஆபத்து வரலாம் என்று வேலைக்கு முன்பே யோசித்து நிரப்ப வேண்டிய படிவம். அதை அட்டையில் செருகி நெஞ்சோடு அணைத்து நடந்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை வருஷா வருஷம் ஏறிக் கிளை கழித்துக் கவாத்து செய்தவர் மலைக்காரர் ஒருவர். நாற்பது வயதிருக்கும். அவர் மேலே அரிவாளோடு இருக்க, அவர் மனைவி கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அவ்வப்போது குரல் கொடுப்பார். வேறு வேலை எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

பயிற்சிக்குப் பின் வந்த முதல் கவாத்து நாளில் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்குதுங்க என்று மலைக்காரர் கட்டிக்கொண்டார். ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு ஏறினார். நான் பேனாவை எடுத்தேன். தேவையில்லாத ஆட்களை அப்புறப்படுத்தியாயிற்றா என்று படிவம் கேட்டது. சுற்றிப் பார்த்தேன். அந்த அம்மாதான் நின்றார். கொட்டகையில் போய் உட்காரச் சொன்னேன்.

"நீங்க பாத்துக்குவீங்களா சார்?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றேன்.

காப்பிச் செடிமேல் விழாமலிருக்கக் கிளையைக் கயிற்றில் கட்டிவிட்டு அவர் மேலிருந்து கேட்டார். "ஏனுங்க சார், கீழ யாரும் இல்லீங்களே?"

படிவத்திலும் அதுதான் அடுத்த கேள்வி. இடமும் வலமும் பார்த்தேன். 'இல்லை' என்று எழுதிவிட்டு, "யாரும் இல்லை, வெட்டுங்க" என்று கத்தினேன். மரத்தடியில் நின்று எழுதுகிறவனை நான் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

கிளை நேராக விழவில்லை. கயிற்றில் ஊசலாடி வந்து என் வலது தோளில் அடித்தது. செடிகளுக்கு நடுவே கிடந்தேன். ஓடிவந்தவர் அந்த அம்மா. கயிற்றைத் தொடாமல் அப்படியே இருக்கும்படி கணவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பிடித்து இழுத்தார். தோளைப் பார்க்கச் சொல்லி நான் முனகினேன்.

"கொம்பு இன்னும் தொங்குதுங்க. மொதல்ல வெளிய வாங்க சாமி."

காரை எலும்பு முறிந்திருந்தது. ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை அன்றுதான் ஒன்றுவிடாமல் உணர்ந்தேன்.

விபத்து அறிக்கை எழுதுவதும் என் வேலைதான். காரணம் என்ற இடத்தில் இடது கையால் 'திடீர்க் காற்று' என்று எழுதினேன். அன்று இலைகூட அசையவில்லை. மாலையில் முதலாளி போன் செய்து, வெட்டினவன் கவனமில்லாம வெட்டிட்டானா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். போனை வைத்ததும் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். கீழே பார்த்துக்கொள்ளும் ஆளை நானே அனுப்பினேன், அந்த இடத்தில் நானே நின்றேன், யாரும் இல்லை என்றும் நானே சொன்னேன்.

முதலாளி இரண்டு தரம் படித்தார். வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். கையெழுத்து ஏன் இத்தனை கோணல் என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி மேலே போனேன். கீழே நிற்பதும் வேலைதான் என்று முதலாளியிடம் சொல்லி, அந்த அம்மாவையும் வேலையாளாகவே சேர்த்திருந்தேன். நான் எங்கே நிற்கட்டும் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். காப்பிச் செடிகளைத் தாண்டி, தூரத்துப் பலாமரத்தைக் காட்டினார். போய் நின்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அங்கிருந்தே கை காட்டினார்.